பாசிக்கூடத்து வாசலில் வைத்த எலுமிச்சம்பழம்

தேனு, குமரா,

ஜாவாவிலிருந்து நான் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. எரிமலை பார்த்தாயா, விமானத்தில் என்ன சாப்பாடு கொடுத்தார்கள், அங்கே குரங்கு உண்டா என்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். செல்போனில் இருந்த படங்களையும் பார்த்துவிட்டீர்கள். போன வாரம் தேனு ஒரு படத்தைக் காட்டி, "இதுல மட்டும் ஏம்பா உன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டாள். ஒரு தகரக்கூரை வீட்டு வாசலில், கையில் டம்ளரோடு நான் நிற்கிற படம். வெயில் கண்ணில் பட்டது என்று சொல்லிவிட்டேன். அது பொய். அன்று அங்கே வெயிலே அடிக்கவில்லை.

அது நான் பயந்த முகம். அந்த ஒன்பது நாளும் நான் பயந்துகொண்டே இருந்தேன். வாயால் சொன்னால் நடுவில் ஏதாவது சிரிப்புக் காட்டித் தப்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் தேனு திருத்திக்கொள்ளட்டும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கோடையில் தி.நகர் கடை வாசல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் புகைபோலத் தண்ணீர் தூவுகிறதே, அந்தக் குழாய்களைப் பொருத்துகிறவன். எங்கள் முதலாளி செய்யும் பம்பை இந்தோனேசியாவில் ஒரு மலைத் தாவரவியல் பூங்கா வாங்கியது. மழையில்லாத மாதங்களில் அங்கே பாசி காய்ந்துபோகிறதாம். பொருத்திக் கொடுக்க என்னையும் எலக்ட்ரிஷியன் தாஸ் மாமாவையும் அனுப்பினார். சாந்தோமைத் தாண்டி அதிகம் போகாதவர் தாஸ் மாமா. நான் சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டுவதே வேலைக்காகத்தான். இரண்டு பேரும் சேர்ந்து கடல் தாண்டினோம்.

முதல் நாள் முழுக்க ரோட்டிலேயே போனது. அந்த மலைப்பாதையில் கொஞ்ச நேரம் ஏறுகிற வண்டிகளை மட்டும் விடுகிறார்கள், கொஞ்ச நேரம் இறங்குகிற வண்டிகளை மட்டும். எங்கள் முறை வருவதற்குள் ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுக்குள் காரை விட்டு, உள்ளேயே உட்காரவைத்த மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் பொரித்த டோஃபுவும் வேகவைத்த கடலையும் கம்பளித் தொப்பியும் விற்றுக்கொண்டு போனார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். எங்களுக்கு முன்னால் முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி. அது மெல்லப் பின்னால் உருண்டு வந்து எங்கள் வண்டியின் மூக்கில் இடித்து நின்றது. எங்களுக்கு இடப்பக்கம் பள்ளம்.

"இன்னும் ஒரு முழம் வந்துச்சுன்னு வை, கோஸ் கூட்டுல நாமளும் சேந்துடுவோம் நைனா" என்றார் தாஸ் மாமா. சொல்லிக்கொண்டே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பூங்காவுக்குள் நுழைந்தபோது எதுவும் தெரியவில்லை, அவ்வளவு மூடுபனி. மறுநாள் காலையில்தான் மரங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கபாலி கோயில் கோபுரத்தைவிட உயரமாக இருக்கும் போலத் தோன்றியது. தென்னங்கன்று மாதிரித் தண்டும் அதன்மேல் குடை விரித்தாற்போல இலையுமாக ஒரு செடி. சேனைக்கிழங்கு வகையில் ஒன்றுக்கு ஆள் உயரத்துக்குப் பூ வரும் என்று படம் வைத்திருந்தார்கள். அது பூத்தால் செத்த எலி நாற்றம் அடிக்குமாம். எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த எரிமலை. அதன் உச்சியில் வெள்ளையாக ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது.

"அது மேகமா, புகையா?" என்று டிரைவரிடம் கையைக் காட்டிக் கேட்டேன். அவர் செல்போனில் பேசினார், செல்போன் அதை மொழிபெயர்த்து ஒரு பெண் குரலில் தமிழில் சொன்னது: "இரண்டும் இருக்கலாம், ஐயா."

பிறகு நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டியே வேலை செய்தேன்.

எங்களுக்கு வேலை பாசிக்கூடத்தில். மேலே வலை, சுற்றிலும் கண்ணாடி, உள்ளே தரை முழுக்கப் பாசி. பச்சையில் இத்தனை பச்சை உண்டா என்று வியந்துபோனேன். நம் வீட்டுக் குளியலறையில் பாசி பிடித்தால் உங்கம்மா பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறாள். இங்கே பாசியை விட்டுவிட்டு அதில் முளைக்கிற புல்லைப் பிடுங்குகிறார்கள். அதற்கென்று நாலு பெண்கள். சின்ன மணைக்கட்டையில் உட்கார்ந்து, மூங்கில் சிம்பால் ஒவ்வொரு புல்லாக நெம்பி எடுப்பார்கள். பாசி நசுங்கக்கூடாது என்று பூட்ஸை வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே வருவார்கள்.

அவர்களில் மூத்தவர் பெயர் இமாஸ். வயதான பெண்களை அங்கே இபு என்று கூப்பிடுகிறார்கள். அம்மா என்று அர்த்தம். இபு இமாஸுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். காலையில் எல்லோருக்கும் முன்னால் வருகிறவர் அவர்தான். நான் சாப்பாட்டுக்குப் படுகிற பாட்டை இரண்டாம் நாளே கவனித்துவிட்டார். அங்கே சோற்றோடு ஒரு தட்டு பச்சை இலை வைக்கிறார்கள், ஆடு மாதிரி மென்று தின்ன வேண்டும். தொட்டுக்கொள்ள ஒரு மிளகாய்ச் சட்னி. அதை மோந்து பார்த்தால், நொச்சிக்குப்பத்தில் கருவாடு காயப்போட்ட பக்கமாகப் பஸ்ஸில் போகிற மாதிரி இருக்கும். எதில் என்ன கறி கிடக்கிறதோ என்று பயந்து நான் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். இபு இமாஸ் தன் பையிலிருந்து வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்து, பாதியாக உடைத்து, ஒரு பாதியைத் தான் கடித்துக் காட்டிவிட்டு, மறுபாதியை என் தட்டில் வைத்தார். அதற்குப்பிறகு தினமும் எனக்கென்று ஒரு கிழங்கு கொண்டுவந்தார்.

மூன்றாம் நாள் மதியம் பெஞ்சு ஆடியது. டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நெளிந்தது. நானும் தாஸ் மாமாவும் எழுந்து ஓடி, புல்வெளி நடுவில் போய் நின்றோம். திரும்பிப் பார்த்தால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. சோற்றை மென்றுகொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சின்ன நில நடுக்கமாம், அடிக்கடி வருமாம். "நம்ம ஊர்ல மெட்ரோ தோண்டச்சொல்லோ கூட இந்த ஆட்டம் ஆடல நைனா" என்றார் தாஸ் மாமா. அவர் கையில் ஒரு கோழிக்கால் இருந்தது. ஓடும்போதும் அதை விடவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் குழாய் வேலை முடிந்தது. பெண்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பம்பை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

என் இடது புருவத்தில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்று கேட்பீர்களே. அடையாற்றில் ஒரு மாடித் தோட்டத்தில் அவசரத்தில் பூஜை போடாமல் பம்பைப் போட்டுவிட்டேன். அழுத்தத்தில் குழாய் பிய்த்துக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது. விரல் அகலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அன்றிலிருந்து எலுமிச்சம்பழம் சுற்றாமல் நான் எந்தப் பம்பையும் ஓட்டியதில்லை. அதற்காகத்தான் உங்கம்மா மஞ்சளில் செய்த குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். பழம் அந்த ஊர்ச் சந்தையில் வாங்கியது.

"இங்க வந்துமா உன் எலுமிச்சம்பழ சர்வீஸு? கஸ்டமர் பாத்தா இன்னா நெனப்பான்?" என்றார் தாஸ் மாமா.

"நீ கரண்டு குடுக்கசொல்லோ சிலுவை போடல? கம்முனு இரு."

"சிலுவைல சாறு ஒழுகாதுடா."

கற்பூரம் கொளுத்தவில்லை, செடிகள் இருக்கிற இடம். பழத்தை மூன்று சுற்றுச் சுற்றி, கத்தியால் நறுக்கி, குங்குமம் தடவிப் பிழிந்து, வாசல்படியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூடியாக வைத்தேன். பம்பைப் போட்டோம். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. பாசிமேல் பனி இறங்கியது. நாங்கள் சந்தோஷமாக அறைக்குப் போய்விட்டோம். அந்த மூடிகளை எடுத்துப் போட வேண்டும் என்ற நினைப்பே எனக்கு இல்லை. நம் ஊரில் யார் எடுப்பார்கள்? வாசலில் குங்குமம் தடவிய பழம் கிடந்தால் எல்லாரும் தாண்டித்தானே போவார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் பாசிக்கூடத்து முன்னால் கூட்டம். உள்ளே யாரும் போகவில்லை. வாசலில் இரண்டு மூடிகளையும் குச்சியால் ஒன்றாகத் தள்ளி, மேலே ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கல்லை வைத்திருந்தார்கள். எல்லோரும் அதைச் சுற்றிப் பத்தடி தள்ளி நின்றார்கள். பூங்கா அதிகாரி ரத்னா மேடம் எங்களைப் பார்த்து வந்தார். சின்ன வயதுப் பெண், எனக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசுவார்.

காலையில் பூட்ஸைக் கழற்றிவிட்டு இருட்டோடு உள்ளே கால் வைத்த இபு இமாஸ் எதையோ மிதித்திருக்கிறார். விளக்கைப் போட்டுப் பார்த்தால் பாதமெல்லாம் சிவப்பு. வாசலில் வெட்டிய பழம். அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் விட்டிருக்கிறார்கள்.

"இங்கே சில பேருக்கு ஒரு நம்பிக்கை உண்டு," என்றார் ரத்னா மேடம். "ஒருவரை அழிக்க நினைப்பவர்கள் இப்படி எதையாவது மந்திரித்து வாசலில் வைப்பார்கள் என்று. நேற்று கடைசியாகப் போனது நீங்கள். யாரையாவது பார்த்தீர்களா?"

தாஸ் மாமா என் முதுகுப்பக்கம் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இல்லை மேடம்" என்றேன்.

பிள்ளைகளே, இந்த வரியை எழுதத்தான் இவ்வளவு நேரம் ஆயிற்று.

அறைக்கு வந்ததும் தாஸ் மாமா கதவைச் சாத்தினார். "வாயத் தொறக்காத. தொறந்தா ரெண்டு பேருக்கும் இங்கயே சமாதி. நம்ம பாஸ்போர்ட்டு அவங்க ஆபீஸ்ல கீது, தெரியுமில்ல?"

"அந்தம்மா பாவம்யா."

"பாவம்தான். நாலு நாள்ல மறந்துடும். நீ ஊருக்குப் போய்ச் சேரணுமா வாணாமா? ரெண்டு புள்ளைங்க வச்சிகினு கீற."

உங்களைத்தான் சொன்னார். உங்கள் பெயரைச் சொல்லி நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆறாம் நாள், இபு இமாஸ் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொன்னார்கள். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. டாக்டர் வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம். மிதித்த கால் வீங்குகிறது என்று அவர் சொல்கிறார், பார்க்கிறவர்களுக்கு வீக்கம் தெரியவில்லை. மற்ற மூன்று பெண்களும் பாசிக்கூடத்துக்குள் வர மறுத்து வெளியே களை எடுத்தார்கள். அவர்கள் பேசுவது காதில் விழும்போதெல்லாம் என்னைத்தான் பேசுகிறார்கள் என்று நினைப்பேன். பக்கத்தில் நின்ற டிரைவர் தன் செல்போனை நீட்டினார். அந்தப் பெண் குரல் அமைதியாகச் சொன்னது: "பக்கத்து வீட்டுக்காரர் செய்தது. வேலியில் சண்டை உள்ளது. இன்று இமாஸின் மகன் அங்கே அரிவாளுடன் சென்றான்."

என் கையிலிருந்த ஸ்பேனர் தானாகக் கீழே விழுந்தது.

அன்று சாயங்காலம் நான் சாப்பிடவில்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே எனக்குத் தெரியாது. அவர் கழுத்தில் என் எலுமிச்சம்பழம் தொங்கிக்கொண்டிருந்தது. சொல்லிவிடு என்று மனசு சொல்லும். உடனே அந்த அரிவாள் என் பக்கம் திரும்புகிற மாதிரித் தெரியும். சொல்லாதே என்று தோன்றும். உடனே வேலிக்குப் பக்கத்தில் யாரோ ரத்தத்தில் கிடக்கிற மாதிரித் தெரியும்.

ஏழாம் நாள் காலையில் இபு இமாஸின் மகன் பூங்காவுக்கு வந்தான். முப்பது வயது இருக்கும். இடுப்பில் புல் அறுக்கிற அரிவாள், மர உறையில். அங்கே தோட்டக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் கட்டியிருப்பார்கள், ஆனால் என் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. வாளியைத் தள்ளி நின்று பார்த்தான். பிறகு நேராக என்னிடம் வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டான். ரத்னா மேடம் சொன்னார்:

"அம்மா உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறாராம், கிழங்கு சாப்பிடுகிற இந்தியர் என்று. உங்கள் நாட்டில் இதற்கு மருந்து தெரிந்தவர்கள் உண்டாமே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்கிறான்."

அவன் கை சில்லென்று இருந்தது. விடவும் இல்லை.

"நான்தான் வச்சேன்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் தெரிந்த நாலு வார்த்தையைப் போட்டுச் சொன்னேன். பழம் என்னுடையது. பம்புக்காக. கெடுதலுக்கு இல்லை.

ரத்னா மேடம் என்னையே பார்த்தார். "மூன்று நாளாகவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவனிடம் சொன்னார்.

அவன் என் கையை விட்டான். போய் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி, பின் சீட்டைக் காட்டினான். ஏறு என்று அர்த்தம்.

நான் வாளியைத் தூக்கி, காய்ந்துபோயிருந்த இரண்டு மூடிகளையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன். கூட்டம் பின்வாங்கியது. "தனியாப் போவாதடா!" என்று கத்திக்கொண்டு தாஸ் மாமா ரத்னா மேடத்தின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார்.

அந்தப் பாதை ஒரே ஏற்றம், ஒரே வளைவு. முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவே போனோம். அவன் இடுப்பு அரிவாளின் பிடி என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. உதைத்தான், கிளம்பவில்லை. சுற்றிலும் ஆளில்லை, ஸ்கூட்டர் எங்கேயோ பின்னால். இங்கேதான் என் கதை முடியப்போகிறது என்று நினைத்தேன். அவன் கீழே இறங்கி, பின்னால் போய்த் தள்ளு என்று கையைக் காட்டினான். தள்ளினேன். அவன் ஹேண்டிலைப் பிடிக்க, நான் கேரியரில் நெஞ்சைக் கொடுத்து, மேடு முடிகிற வரை இரண்டு பேரும் மூச்சு வாங்கத் தள்ளினோம். அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கோபமா, இல்லையா, எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

தகரக்கூரை போட்ட சின்ன வீடு, முன்னால் ஒரு மீன் குட்டை. எப்படியோ செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. முப்பது நாற்பது பேர் நின்றார்கள். மூங்கில் வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு பெரியவர் தனியாக நின்றார். யாரும் சொல்லாமலே அவர் யார் என்று தெரிந்தது. இபு இமாஸைத் தாங்கிப் பிடித்து வாசலில் பாயில் உட்காரவைத்தார்கள். காலைத் துணியால் சுற்றியிருந்தார். மூன்று நாளில் முகம் பாதியாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்து சேர்ந்த ரத்னா மேடம், நான் சொல்லச் சொல்ல அவர்கள் மொழியில் சொன்னார். "எங்கள் ஊரில் புது மெஷின் ஓட்டுவதற்கு முன்னால் இப்படிச் செய்வோம். வேலை செய்கிறவர்களுக்கு அடிபடக்கூடாது என்பதற்காகத்தான். அந்த இடத்தில் இருக்கிற கெட்டதெல்லாம் பழத்துக்குள் போய்விடும்."

ரத்னா மேடம் பாதியில் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "கெட்டது பழத்துக்குள் போய்விடும் என்றால், அவர் மிதித்தது எதை?"

அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அவர் கேட்டது சரி. சுற்றிய பழத்தை மிதிக்காதே என்று உங்களையே எத்தனை தடவை கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். என் நம்பிக்கைப்படி பார்த்தாலும் அந்தம்மா மிதித்தது மிதித்ததுதான். அவர் பயத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ரத்னா மேடம் பாதியில் நிறுத்தியதைப் பார்த்துக் கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. மகன் ஓரடி முன்னால் வந்தான்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. குடிக்கிற மாதிரிக் கையைக் காட்டித் தண்ணீர் கேட்டேன். ஒரு பெண் டம்ளரில் கொண்டுவந்தாள். கைக்குட்டையைப் பிரித்து, ஒரு மூடியை எடுத்துப் பிழிந்தேன். சாறு அவ்வளவாக இல்லை, குங்குமம்தான் கரைந்தது. அடுத்ததையும் பிழிந்தேன். அது அவர் மிதித்து நசுங்கின மூடி.

"டேய் பாலு! வாணாண்டா! அது சுத்தின பழம்டா!" என்று தாஸ் மாமா கத்தினார். அதில் நம்பிக்கையே இல்லாத மனுஷன்.

கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். புளிப்பு, கசப்பு, நாக்கில் மண் மாதிரி குங்குமம். அந்தப் பழத்தில் எது இருந்ததோ அது இப்போது எனக்குள் போய்விட்டது என்று நிஜமாகவே நம்பினேன். தொண்டையில் இறங்கும்போது உங்கள் இரண்டு பேர் முகமும் வந்தது. அந்த நேரத்தில்தான் யாரோ தேனு காட்டிய அந்தப் படத்தை எடுத்திருக்கிறார்கள், பிறகு ரத்னா மேடம் எனக்கு அனுப்பினார்.

அடியில் ஒரு வாய் மிச்சம் இருந்தது. தாஸ் மாமா வந்து என் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் சும்மா. எனக்குத் தாகமா கீது, அவ்வளவுதான்" என்று சொல்லி, சிலுவை போட்டுக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலி டம்ளரை என்னிடமே கொடுத்தார்.

யாரும் கை தட்டவில்லை. யாரும் என்னைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. எல்லோரும் நாங்கள் கீழே விழப்போகிறோமா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். இபு இமாஸும் பார்த்தார். நான் அவர் பாயின் ஓரத்தில் கையைத் தொட்டுக் கும்பிட்டேன். ரத்னா மேடம் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று பொழுது சாயும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் உங்கம்மாவின் செல் நம்பரை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தாஸ் மாமா பக்கத்துக் கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஏதோ சுர்ருங்குது பாலு, உனக்கும் சுர்ருங்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் சுர்ரென்றுதான் இருந்தது. சொல்லவில்லை.

எட்டாம் நாள் விடிந்ததும் கதவு தட்டும் சத்தம். திறந்தால் இபு இமாஸ். ஒரு கையில் கம்பு, இன்னொரு கையால் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்திருக்கிறார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினேன். பிறகு உள்ளே எட்டி, குறட்டை விட்டுக்கொண்டிருந்த தாஸ் மாமாவைக் கம்பால் ஒரு குத்துக் குத்தினார். அவர் அலறிக்கொண்டு எழுந்ததும் இபு இமாஸ் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிறகு ரத்னா மேடம் சொன்னார்: "அவருக்கும் நேற்று முழுக்க உங்கள் கவலைதானாம். 'முட்டாள் பயல், மூன்று நாள் பழம், மண்ணில் கிடந்தது, வயிறு என்ன ஆகும்' என்று. உயிரோடு இருக்கிறீர்களா என்று பார்க்கத்தான் எழுந்து வந்தாராம். வருவதற்கு முன் கொஞ்சம் கஞ்சியும் குடித்திருக்கிறார்."

மகன் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தானாம். வேலித் தகராறு மட்டும் அப்படியே இருக்கிறதாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ரத்னா மேடம் எங்கள் முதலாளிக்கு எழுதப்போவதாகவும் சொன்னார். எழுதினார். அதற்கு நான் வாங்கிய திட்டு தனிக் கதை.

இபு இமாஸ் அங்கிருந்து நேராகப் பாசிக்கூடத்துக்குப் போய், பூட்ஸைக் கழற்றி, காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, வாசல்படியை நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்ற மூவரும் போனார்கள். மூன்று நாளில் பாசிக்குள் புல் நிறைய முளைத்திருந்தது.

ஒன்பதாம் நாள் மதியம் எங்களுக்கு வண்டி. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தாஸ் மாமா பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பம்பு அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுக்க நான் மட்டும் போனேன். அப்போதுதான் கவனித்தேன். மோட்டாரின் முன்பக்கத்தில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு. அன்று பழத்தில் தடவிய அதே விரலால் நான்தான் வைத்திருக்கிறேன், பழக்கத்தில்.

பொட்டு வைத்த மோட்டாரிலிருந்து பொட்டை அழிப்பது நான் செய்யாத காரியம். என் புருவம் அரித்தது. ஆனால் நாளைக்கு இந்தக் கதவைத் திறக்கப்போவது அந்தப் பெண்களில் ஒருத்தி. அப்போது சொல்ல நான் இருக்கமாட்டேன்.

மூலையில் கிடந்த பனியன் துணியை எடுத்து, குழாயில் நனைத்து, துடைத்தேன். ஒரு தடவையில் போகவில்லை. பெயின்ட் தெரிகிற வரை துடைத்து, விரலை வைத்துப் பார்த்து, சிவப்பு ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகு பூட்டினேன்.